கள்ளிக்குடி நிலத்தில் விமானம் இறக்கலாமா?

2025 ஜூலை 6

கள்ளிக்குடி நண்பர் ஒருவர் கேட்டிருப்பதை அப்படியே தருகிறேன்: "அண்ணே, எனக்கு ரோட்டை ஒட்டிப் பதினெட்டு ஏக்கர் கிடக்கு. வடக்கு தெற்கா நீளவாக்குல 800 மீட்டர் வரும். சின்ன விமானம் இறங்க 400 மீட்டர் போதும்னு போட்டிருக்கான். ரெட்டிப்பு இடம் இருக்கு. அப்புறம் எப்படி இந்தத் தனியார் ஓடுதளத்துல எல்லாம் குப்புற விழுகுறாங்க? ஓட்டுறவனுக்குக் கை சரியில்ல, அம்புட்டுத்தானே?"

நானும் ஒரு காலத்தில் அம்புட்டுத்தான் என்று சொன்னவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமானி இல்லை. 31 வருடம் சின்ன விமானங்களுக்கு ஸ்பானர் பிடித்துவிட்டுத் திருமங்கலத்தில் வந்து உட்கார்ந்திருப்பவன். விபத்து நடந்த பிறகு விமானி என்னிடம் வரமாட்டார். விமானம்தான் வரும், லாரியில்.

அப்படி வந்ததில் முக்கால்வாசி ஆள் சாகாத விபத்துகள். சின்ன விமானங்களில் எண்ணிக்கையில் அதிகம் நடப்பது இறங்கும்போதுதான், ஆனால் உயிர் போவது அதில் குறைவு. மேலே ஏறும்போது நடப்பதும், இறங்குவதற்காகக் கடைசித் திருப்பம் திரும்பும்போது நடப்பதும்தான் ஆளை முடிக்கும். தரையைத் தொட்ட பிறகு என்றால் மூக்குச் சக்கரம் மடங்கும், இறக்கை நுனி உரசும், முன்னால் சுற்றுகிற விசிறி மண்ணைக் கொத்தும்.

விசிறியைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். விசிறியின் இதழ் முன்பக்கமாகச் சுருண்டிருந்தால் இன்ஜின் அந்த நேரத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் மடங்கியிருந்தால் அடங்கிவிட்டது, அல்லது நின்றேவிட்டது. "த்ராட்டிலை அப்பவே மூடிட்டேன்", அதாவது இன்ஜினை அடக்கிவிட்டேன் என்று சத்தியம் செய்த ஒருவருடைய விசிறி கிடாக் கொம்பு மாதிரி முன்னால் சுருண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு விசிறி மட்டும் கெட்டதாகத் தெரியும். சுற்றுகிற விசிறி மண்ணில் அடித்தால் அந்த அடி இன்ஜினுக்குள் இருக்கும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்ட் வரை போகும். இன்ஜினை முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் திரும்பப் பறக்கவிட முடியாது. முதலாளிமார் அழுவது அந்த பில்லைப் பார்த்துத்தான்.

1994ல் வடக்கே ஒரு சர்க்கரை ஆலையின் மண் ஓடுதளத்தில் வேலை பார்த்தேன். அங்கே செஸ்னா என்கிற சின்ன விமானம் ஒன்று கரும்புக் கொல்லைக்குள் போனது. விமானி வேகமாக வந்தார், பாதி ஓடுதளம் தாண்டித் தொட்டார், மூன்று முறை குதித்தது, மூக்குச் சக்கரம் போனது. காரணம் வேகம். மற்றது அப்புறம்.

2025 ஜூலை 6, இரவு

"போட்டிருக்கான்" என்கிறாரே, சரியாகத்தான் போட்டிருக்கிறான். செஸ்னா 172எஸ் கையேட்டில், 15 மீட்டர் உயரத் தடையைத் தாண்டி இறங்கி நிற்க 407 மீட்டர். அதில் தரையில் ஓடுவது 175 மீட்டர்தான். ஆனால் அது கடல்மட்டத்தில், 15 டிகிரியில், காற்றில்லாத நேரத்தில், காய்ந்த கெட்டித் தளத்தில், சொன்ன வேகத்தில் சொன்ன மாதிரி இறக்கியபோது. கள்ளிக்குடியில் 15 டிகிரியை யாராவது பார்த்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

வெயிலுக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 450. புல், மண் தரைக்கு 45 சதவீதம், 650. பின்னாலிருந்து 6 நாட் காற்று (நாட் என்பது விமானக்காரர்களின் வேக அளவு, ஒரு நாட் மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) என்றால், 2 நாட்டுக்குப் பத்து சதவீதம் என்று முப்பது கூட்டி 850. கடைசியாக, 61 நாட்டில் வரவேண்டியவர் பயத்தில் 71ல் வருகிறார். தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும், எனவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மொத்தம் 1,150 மீட்டர்.

உங்கள் நிலம் 800.

2025 ஜூலை 8

பணியில் இருக்கும் விமானி ஒருவர் காதைத் திருகிவிட்டார். அந்த 45 சதவீதம் தரையில் ஓடும் தூரத்துக்கு மட்டும்தான், மொத்தத்துக்கு இல்லையாம். கையேட்டை எடுத்துப் பார்த்தேன், அவர் சொல்வதுதான் சரி. 31 வருடம் அந்தக் கையேட்டின் மேல் டீ கிளாஸ் வைத்ததுதான் மிச்சம்.

மாற்றிப் போட்டால் 450, பிறகு 537, பிறகு 698, கடைசியில் 940. இதிலும் அந்தக் கடைசிப் பெருக்கல் மொத்தமாக அடித்துவிட்டதுதான். வேகமாக வருகிற விமானம் தரைக்கு ஒரு இறக்கை நீள உயரத்துக்குள் வந்ததும் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி மிதக்கும், இறங்கவே இறங்காது. அந்த மிதப்பு எவ்வளவு தூரம் என்று எந்தக் காகிதத்திலும் வராது. பழைய கணக்கை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

940ம் 800ஐ விடப் பெரியதுதான் தம்பி.

2025 ஜூலை 13

வெயிலுக்கு எதற்குப் பத்து சதவீதம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். சூடான காற்று மெலிந்த காற்று. மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டரில் இருக்கிறது. சித்திரை மத்தியானம் 40 டிகிரியில் அங்கே நிற்கும் விமானத்துக்கு அந்தக் காற்று ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்துக் காற்று. அதாவது வால்பாறை. குளிர் மட்டும்தான் இருக்காது. வேகமானி அதே 61ஐக் காட்டும், தரைமேல் அது உண்மையில் ஓடுவது அதைவிடக் கூடுதல்.

இதில் இறங்குவதாவது பரவாயில்லை. அதே 172எஸ் 15 மீட்டர் தடையைத் தாண்டி ஏற 497 மீட்டர் கேட்கும், அதுவும் அந்தக் குளிர்ந்த கணக்கில். வெயில் ஏற ஏற, ஏறுகிற கணக்குதான் தாறுமாறாகக் கூடும். இறங்க முடிந்த இடத்தில் எல்லாம் ஏற முடியாது. அப்படி இறங்கி மாட்டிக்கொண்ட ஒரு விமானத்தின் இறக்கையைக் கழற்றி நானே லாரியில் ஏற்றியிருக்கிறேன். டிரைவர் கேட்ட ஒரே கேள்வி, "செக்போஸ்ட்ல இதை என்ன சரக்குன்னுண்ணே சொல்றது?"

2025 ஜூலை 20

ஆடி நாலு. பைக்கை எடுத்துக்கொண்டு கள்ளிக்குடிக்கே போய்விட்டேன். வீட்டில் "விமானம் போனாலும் இந்தாளுக்கு விமானப் பைத்தியம் போகலை" என்றாள்.

நல்ல கரிசல். நல்ல கரிசல் என்பதுதான் முதல் தொல்லை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது. ஒரு வெடிப்பில் என் செருப்புக் கால் கணுக்கால் வரை போனது. மூக்குச் சக்கரம் என்ன பாடுபடும்? மழை பெய்தால் நேர்மாறு, சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. கிராவல் அடித்து உருளை ஓட்டுகிறேன் என்கிறார். 800க்கு 40 மீட்டர் என்று வைத்தால் எட்டு ஏக்கர், எவ்வளவு கிராவல் என்று அவரே மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு இளநீர் வெட்டப் போய்விட்டார்.

தெற்குக் கோடியில் மின்கம்பி போகிறது. மேலிருந்து வருகிறவனுக்குக் கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். அதனால்தான் கம்பத்தைத் தேடச் சொல்வார்கள். இரண்டு கம்பத்தைப் பார்த்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு கம்பத்தைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. கம்பி 8 மீட்டர் உயரம் என்று வைத்தாலும், 3 டிகிரி சரிவில் அதை உரசாத குறையாகத் தாண்டி வருகிறவன் தரையைத் தொடும்போது 150 மீட்டர் நிலம் பின்னால் போயிருக்கும். 800 என்றாரே, நடந்து அளந்ததில் 740. அதில் 150 போனால்? அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாரியத்துல எழுதிக் குடுத்தா மாத்திவிடுவாய்ங்க." மாற்றட்டும்.

கிழக்கே பனை வரிசை. கையேடு சொல்லும் 15 மீட்டரைத் தாண்டிய மரங்கள் அதில் நிறைய. வெட்ட மாட்டேன் என்கிறார், அதில் எனக்கு மகிழ்ச்சி. வடக்கே கண்மாய். தண்ணீர் கிடக்கும் மாதத்தில் கண்மாய்க்கு மேல் காற்று கீழே இறங்கும், அதைத் தாண்டிச் சுட்ட கரிசலுக்கு மேல் வந்ததும் காற்று மேலே தூக்கும். விமானி கண்மாய் மேல் பொதுக்கென்று அமிழ்ந்து, அதைச் சரிக்கட்ட இன்ஜினைக் கூட்டி, கரையைத் தாண்டியதும் எகிறி, கடைசியில் எங்கே தொடுவார் என்பது அவருக்கே தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே இன்றைய காற்று. நிலம் வடக்கு தெற்கு, ஆடிக் காற்று மேற்கே இருந்து. துண்டு தோளில் நிற்கவில்லை. செஸ்னா 172ஐச் சோதனையில் இறக்கிக்காட்டிய பக்கக் காற்று 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். ஆடியில் அதைத் தாண்டாத நாளைத் தேட வேண்டும். பெருங்குடி ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, அதற்கு இந்தக் காற்று வாட்டம். தனி ஆள் என்றால் நிலம் கிடக்கிற திசைதான் ஓடுதளத்தின் திசை. அப்பன் பாட்டன் பங்கு பிரித்தபோது காற்றைக் கேட்டா பிரித்தார்கள்?

மாசி பங்குனியில் இந்த இடத்தில்தான் ஊரே மிளகாய் காயப்போடுமாம். விசிறிக் காற்றில் மிளகாய் வத்தல் பறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன், திருமங்கலம் வரை தும்மல்.

மயில் பதினொன்று எண்ணினேன்.

2025 ஜூலை 20, இரவு

மயில் பதினான்கு இருக்கிறதாம். நிலத்துக்காரர் போன் செய்து திருத்துகிறார்.

2025 ஜூலை 27

மயிலை விடுங்கள். அகலத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். பெருங்குடி போன்ற ஓடுதளம் 45 மீட்டர் அகலம். அதிலேயே பழகிய கண்ணுக்கு, பத்துப் பதினைந்து மீட்டர் அகலப் பட்டை தூரத்தில் இருப்பதாகத் தெரியும். நாம் ரொம்ப உயரத்தில் வருகிறோம் என்று நினைத்து இறக்குவார். நிஜத்தில் சரியான உயரத்தில்தான் வந்துகொண்டிருந்தார், இப்போது தாழ்ந்துவிட்டார். ஓடுதளம் எதிரே மேடேறினாலும் இதே ஏமாற்றுதான். அப்புறம் தெற்குக் கோடியில் அந்தக் கம்பி. கம்பி, குறுகல், மேடு இதெல்லாம் தனித்தனியாக இருந்தால் சமாளிக்கலாம். தோட்டத்து ஓடுதளங்களில் இவை சேர்ந்தே இருக்கும்.

"சரியில்லைன்னா திரும்ப மேலே போயிட்டு இன்னொரு தடவை வர வேண்டியதுதானே?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். இதைவிட நல்ல கேள்வி இதுவரை வரவில்லை. வேண்டியதுதான். முதல் குதிப்பிலேயே இன்ஜினை முழுக்கக் கொடுத்து மேலே போயிருந்தால் என் பட்டறைக்குப் பாதி விமானம் வந்திருக்காது. குதித்ததை மூக்கை அழுத்தி அடக்கப் பார்ப்பார்கள். ஒவ்வொரு குதிப்பும் முந்தையதைவிடப் பெரிதாகும், மூன்றாவதில் மூக்குச் சக்கரம் கையை விட்டுவிடும்.

ஏன் போக மாட்டார்கள்? பெரிய விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒருவர் உட்கார்ந்து "திரும்ப மேலே போ" என்பார், அதில் மானக்கேடு இல்லை. முதலாளியின் நிலத்தில், முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழே மாலையோடு ஆட்கள் நிற்கும்போது இறங்காமல் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போனால், "என்னய்யா, இறக்கத் தெரியாதா?" என்ற கேள்வி வரும். எவர் சம்பளம் கொடுக்கிறாரோ அவரே பக்கத்துச் சீட்டில் இருக்கிறார்.

1994 பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும். காரணம் வேகம் என்றேன். அரைகுறை. அவர் வேகமானியில் சரியான வேகத்தில்தான் வந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்குக் காற்று பின்னாலிருந்து அடித்தது. எங்களுக்குக் கீழிருந்து பார்க்க வேகமாகத் தெரிந்தது.

2025 ஆகஸ்ட் 3

சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டாராம். கம்பம் தெரிகிறதாம். "இனி இறக்கலாமாண்ணே?"

அனுமதி பற்றியும் கேட்கிறார். தனியார் பயன்பாட்டுக்கு என்றே டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானத்துறை இயக்ககம், ஒரு வகை உரிமம் வைத்திருக்கிறது. பெருங்குடி பக்கத்திலேயே இருப்பதால் மதுரை கோபுரத்தைக் கேட்காமல் தலையைத் தூக்க முடியாது. இதற்கு மேல் அந்தக் காகித வேலையில் எனக்கு ஆர்வம் இல்லை. போருக்காகப் போட்ட ஓடுதளங்கள் செட்டிநாட்டிலும் கயத்தாறிலும் கிடந்தன. சோழவரத்தில் அதே மாதிரி ஒன்றில் கார்ப் பந்தயம் விட்டார்கள். கெட்டித் தளம் இருந்த இடத்துக்கே அதுதான் கதி.

2025 ஆகஸ்ட் 17

ஜூலை 27ல் 1994 பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, என் காதைத் திருகிய விமானி மறுபடி கேட்டார். "பின்காற்று என்றால் எதிர்ப்பக்கமிருந்து இறங்கியிருக்கலாமே? இரண்டு கோடியும் திறந்துதானே இருந்தது? காற்றுப்பையைப் பார்க்கவில்லையா?"

மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன்.

அந்த 1994 விமானி பார்த்திருப்பார். பார்த்ததுதான் வினை. ஓடுதளத்து ஓரம் இரும்புக் கம்பத்தில், காற்றுத் திசை காட்டுகிற ஆரஞ்சுத் துணிப்பை ஒன்று இருந்தது. வெயிலில் நைந்து, கழுத்து வளையம் ஒரு பக்கம் கழன்று, துணி கம்பத்தைச் சுற்றிக்கொண்டு தொங்கியது. நல்ல பை 15 நாட் காற்றில் விறைத்துப் படுக்கும், காற்றில்லாவிட்டால் தொங்கும். கம்பத்தில் சுற்றிய துணியை மேலிருந்து பார்க்கிறவர் என்ன நினைப்பார்? காற்றே இல்லை. எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒன்றுதான். விருந்தினர் பங்களாவுக்குக் கிட்டே நிற்கிற மாதிரி இறங்குவோம். அப்படித்தான் இறங்கினார்.

விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் நான் அதைப் பார்த்தேன். ஏணி ஆலைக்குள் இருந்தது. கேட்டு வாங்கிவர அரை மணி நேரம். அது என் வேலையா, தோட்டக்காரர் வேலையா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன்.

ஆள் சாகவில்லை. பின்சீட்டில் இருந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. விசாரிக்க வந்தவர்கள் என்னிடம் கேட்டது ஒரு கேள்வி, "காற்றுக் கம்பம் இருந்ததா?" இருந்தது என்றேன். கம்பம் இருந்தது. துணி எப்படி இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. அதற்குள் யாரோ ஏணி போட்டுப் புதுப் பை மாட்டிவிட்டிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

விமானியை அந்த மாதமே அனுப்பிவிட்டார்கள். வேகமாக வந்தார் என்று நானும் எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன். சொல்லிச் சொல்லி முப்பது வருடத்தில் அதுவே எனக்கும் உண்மையாகிவிட்டது, இங்கேயும் முதல் நாளே அதைத்தான் எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 18

ஆறுதல் சொல்லி எழுதியவர்களுக்கு: வேண்டாம். திட்டி எழுதிய ஒருவருக்கு: சரி.

அவர் மேலும் ஒன்று சொல்கிறார். பையை மட்டும் நம்பாமல் புகை, கரும்புத் தோகை, குளத்து அலை எல்லாவற்றையும் விமானி பார்த்திருக்க வேண்டுமாம். உண்மை. அங்கே ஆலைப் புகைபோக்கியே இருந்தது. ஆனால் அரவை முடிந்த காலம், புகை இல்லை.

2025 நவம்பர் 14

நேற்று மத்தியானத்திலிருந்து போன் ஓயவில்லை. திருச்சி புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் ஒரு பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியிருக்கிறது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். கள்ளிக்குடிக்காரர் முதல் ஆளாக, "ரோட்டுலயே இறக்கிட்டான், என் நிலத்துல முடியாதா?"

அவசரத்துக்கு இறங்குவது வேறு. அங்கே விமானத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை, ஆட்கள் நடந்து வெளியே வந்தால் போதும். சக்கரம் மடங்கட்டும், இறக்கை போகட்டும். தினமும் இறங்குகிற இடத்தை அந்தக் கணக்கில் பார்க்க முடியுமா?

படங்களில் எனக்கு வயிற்றைக் கலக்கியது சுற்றி நின்ற கூட்டம். இறக்கைக்குள் பெட்ரோல் இருக்கும். விசிறியைக் கையால் தொட்டுப் பார்ப்பவன் எப்போதும் ஒருவன் இருப்பான். சுவிட்ச் அணைத்திருக்கிறதா என்று தெரியாமல் அதைத் தொடவே கூடாது, சூடான இன்ஜின் ஒரு சுற்றுக்குக்கூட உயிர்பெறும். உங்கள் ஊரில் என்றாவது எதுவாவது இறங்கினால் பீடியை அணையுங்கள், பிள்ளைகளைப் பின்னால் இழுங்கள், செல்பி அப்புறம்.

2025 டிசம்பர் 21

ஓடுதளம் இல்லையாம். கிராவல் விலை கேட்டிருக்கிறார். உளுந்து போட்டுவிட்டார், நன்றாக வந்திருக்கிறது.

ஆனால் காற்றுப்பை ஒன்று வேண்டுமாம், மருந்து தெளிக்கிற ட்ரோன்காரர்கள் வரும்போது காற்றுத் திசை தெரிவதற்கு. உண்மையா, எனக்காகச் சொல்கிறாரா என்று கேட்கவில்லை. வீட்டுத் தையல் மெஷினில் ஆரஞ்சு நைலானில் தைத்தேன். விமான நிலைய அளவு என்றால் நீளம் 3.6 மீட்டர், வாய் 90 சென்டிமீட்டர். அவ்வளவு துணிக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை, பாதி அளவு. கழுத்துக்கு சைக்கிள் ரிம். ரிம்மை நான்கு பக்கமும் கம்பி போட்டுச் சுழலும் கொக்கியில் கட்டினேன், கம்பத்தில் சுற்றாமல் இருக்க.

நேற்றுப் போய் மாட்டினோம். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வாடைக் காற்று, பை தென்மேற்கே நீட்டிக்கொண்டு நின்றது. மயில்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உளுந்துக்குள் இறங்கின.